வைன் குடிவகையில் சேராதா?

தூய தமிழ் ஆர்வலர்களோடு எனக்குப் பகை எதுவும் இல்லை. பேருந்து, மிதிவண்டி, நூலகம் என்று ஆக்கித்தரப்பட்ட சொற்களை நானும் தயக்கமின்றி எழுதுகிறேன். ஆனால் ரொறன்ரோவில் எம்மவர் நாலுபேர் கூடி மொழியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், எப்படியோ 'வைன்' என்ற சொல்லும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டுவிடுகிறது. திராட்சை மது என்கிறார் ஒருவர். பழமது என்கிறார் இன்னொருவர். கொடிமுந்திரித் தேறல் என்று மூன்றாமவர் சொல்ல, 'எல்.சி.பி.ஓவுக்குப் போய் ரெண்டு போத்தில் தேறல் தாங்கோ எண்டு கேளும் பாப்பம்' என்று மூலையிலிருந்து ஒரு குரல் வரும். சிரிப்போடு விவாதம் முடிந்துவிடும். இரு தரப்பாரும் பேசுவது சொல்லின் பிறப்புச் சான்றிதழைப் பற்றித்தான். அச்சொல்லை நாம் கொண்டாட்டத்தில், அடுப்படியில், வைத்தியரின் முன்னால் எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் சங்கடமான பதில்கள் வரும் என்பதனாலேயே கேட்காமல் விடுகிறோமோ என்றும் எனக்கு ஓர் ஐயம் உண்டு.

பிறப்பு விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம்; அது சிறிய வேலை. திராட்சை வடமொழியின் திராக்ஷா. அதே பழத்தை யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்போம். கஜு எமக்கு மரமுந்திரிகை. அந்த முந்திரிகையும் வடமொழியின் மிருத்வீகா வழிவந்ததாகவே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி காட்டுகிறது. இரசம் வடமொழி. மதுவும் வடமொழி, கிரேக்கர் வைனைக் குறிக்க வழங்கிய 'மெது'வும், ஆங்கிலேயரின் தேன்மதுவான 'மீட்'டும் அதன் உடன்பிறப்புகள். ஆகவே வைனை வெளியேற்றிவிட்டுத் 'திராட்சை மது'வைக் குடியேற்றுவது ஓர் அகதியை அனுப்பிவிட்டு இரண்டு அகதிகளை ஏற்பதற்கு ஒப்பாகும்.

எஞ்சுவது தேறல். தெளிந்தது என்னும் பொருள்பட நின்ற நல்ல தமிழ்ச் சொல். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரனார் பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது, யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறல் பேசப்படுகிறது. அரிக்கமேட்டில் 1945இல் மோட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வைன் வந்த இரு கைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. பாட்டும் மண்ணும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும் அரிய இடம் அது. எமது ஆர்வலர்கள் இப்பாட்டைச் சொல்லிப் பெருமைப்படும்போது பாட்டின் பாதியை விட்டுவிடுகிறார்கள். அந்தத் தேறல் பொற்கலத்தில் ஏந்தப்பட்டு, வளையணிந்த மகளிர் ஊட்ட, அரசனின் தொண்டைக்குள் இறங்கியது. அதே காலத்துப் பாடல்களில் உழவரும் மீனவரும் வீரரும் குடிக்கும் கள்ளும் தோப்பியும் தாராளமாக வருகின்றன. கப்பலில் வந்ததோ பொற்கலத்துக்குப் போனது. இறக்குமதிச் சரக்குக்குத் தமிழ்ப் பெயர் வைத்திருந்தார்கள் என்பது உண்மை. யாருக்கு ஊற்றினார்கள் என்பதும் அந்த உண்மையின் பகுதியே.

மறுபுறத்தில், வைன் 'ஆங்கிலச் சொல்' என்பதும் அரை உண்மை. ஆங்கிலேயரின் மூதாதையர் அதை இலத்தீனின் 'வினும்' என்பதிலிருந்து எடுத்தார்கள். கிரேக்கத்தில் அது ஒய்னொஸ், எபிரேயத்தில் யயின், ஆர்மீனியத்தில் கினி, ஜோர்ஜிய மொழியில் க்வினோ. ஜோர்ஜியாவில் ஏறத்தாழ 8000 ஆண்டுப் பழமையான மட்பாண்டங்களில் முந்திரிகை வைனின் எச்சம் இருந்ததாக ஆய்வாளர் 2017இல் அறிவித்தார்கள். இச்சொற்களில் எது தாய், எது பிள்ளை என்று மொழியியலாளர் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். சரக்கோடு சொல்லும் சாடியேறிப் போன கதை இது. கடன் வாங்கியவனிடம் நாம் கடன் வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

எனக்குச் சுவையாகப்படுவது வேறொரு கேள்வி: ஆங்கிலேயனுக்கு முன்பே வைனோடு வந்தவன் போர்த்துக்கேயன். அவனுடைய சொல்லை நாம் ஏன் எடுக்கவில்லை?

எமது வீட்டைச் சுற்றிப் பாருங்கள். சாப்பாட்டு மேசை போர்த்துக்கேயம். அதைச் சுற்றிய கதிரையும், பக்கத்து வாங்கும், அலுமாரியும், யன்னலும், சாவியும் போர்த்துக்கேயம். சமைத்த இடம் குசினி. கை துடைத்தது துவாய். வாசலில் கழற்றிவிட்டது சப்பாத்து. விடிய உண்டது பாண். குடிக்கிற இடமான தவறணை அவர்களது 'தவேர்னா'. அங்கு உருட்டி வந்த பீப்பா அவர்களது 'பிப்பா'. 1619 முதல் 1658 வரை நாற்பது ஆண்டுகூட முழுதாக யாழ்ப்பாணத்தை ஆளாதவன், ஒரு விருந்துக்கு வேண்டிய தளபாடம் முழுவதையும் எமது நாவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். விருந்தின் நடுவில் இருக்கவேண்டிய 'வின்யோ' மட்டும் நிலைக்கவில்லை.

போர்த்துக்கேயர் கொழும்பில் வந்திறங்கிய கதையைச் சொல்லும் சிங்கள நூலான இராஜாவலிய, வந்தவர்கள் கல்லைக் கடித்துத் தின்று இரத்தத்தைக் குடிக்கிறார்கள் என்று கோட்டை அரசனுக்குச் செய்தி போனதாகக் கூறும். கல் என்பது பாண், இரத்தம் என்பது வைன். இலங்கைத் தீவு அவர்களைப் பற்றி நினைவில் வைத்த முதற் படிமமே அந்த இரண்டுதான். பிறகு நடந்ததைப் பாருங்கள்: கல் எமது காலைச் சாப்பாடாகி, சம்பலோடும் பருப்போடும் கலந்து, தமிழுக்குள் பாணாகி அகதியாக ரொறன்ரோ வரைக்கும் வந்துவிட்டது. டண்டாஸ் வீதி மேற்கில் போர்த்துக்கேய வெதுப்பகப் பலகைகளில் அவர்களது எழுத்தில் அந்தச் சொல்லைக் காணும்போது, எமது வீட்டுச் சொல் ஒன்றை அயலவர் திருடிக்கொண்டார்கள் என்றே ஒரு கணம் தோன்றும். இரத்தமோ கரையிலேயே நின்றுவிட்டது.

மலையாளத்தில் அப்படி நிற்கவில்லை. அங்கே அது வீஞ்ஞு. வேதத்திலும் கோவிலிலும் அப்பமும் வீஞ்ஞும்தான். அவர்கள் பலிபீடத்தில் வைத்த சொல்லை நாம் படகிலிருந்து இறங்கவே விடவில்லை. எங்களிடம் கள்ளும் சாராயமும் போதிய அளவு இருந்தன, கப்பலில் வந்த விலையுயர்ந்த சரக்கு பாதிரியையும் தளபதியையும் தாண்டி ஊருக்குள் வரவில்லை என்று பொருளியற் காரணம் சொல்லலாம். அது கேரளத்துக்கும் பொருந்துமே! மற்றொரு காரணத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1606இல் மதுரைக்கு வந்த றொபேட் டி நொபிலி தன்னைப் பறங்கி அல்ல என்று காட்டிக்கொள்வதையே தன் பணியின் அடிப்படையாக்கினார். மாட்டிறைச்சி தின்பவன், மது குடிப்பவன், தீண்டத்தகாதோரோடு பழகுபவன் என்பதே அன்றைய உயர்சாதியாரிடம் பறங்கி என்ற சொல்லின் உட்பொருள். நொபிலி இறைச்சியையும் மதுவையும் விட்டார். கூடவே போர்த்துக்கேய நெடி வீசும் சொற்களையும் விட்டு வடமொழி கலந்த உயர்தமிழை வேதத்துக்கு எடுத்தார். குருசு, பாதிரி போன்ற சில சொற்கள் மக்கள் வாயில் தப்பிப் பிழைத்தன. பலிபீடத்தின் மொழி பறங்கியிடமிருந்து கழுவி எடுக்கப்பட்டது. இந்தக் கழுவலுக்குள் சாதி இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

அதன் பலனாகவே எமது வேதாகமத்தில் வைன் இரசமாயிற்று. 1871இன் திருத்தப் பதிப்பில் திராட்சரசம். 1995இல் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் திராட்சை இரசம். (கானாவூர்க் கலியாணத்தில் ரசம் முடிந்துபோனதென்று வாசிக்கக் கேட்ட சைவப் பிள்ளைகள், சோற்றுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பது நியாயமே.) இரசம் என்றால் சாறு. புளித்ததா புளிக்காததா என்பதை அச்சொல் சொல்லாது. அமெரிக்காவில் தோமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்த பல்வைத்தியர், திருவிருந்தில் மது இருக்கக்கூடாது என்பதற்காக 1869இல் முந்திரிகைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் போத்தலில் அடைக்க வேண்டியிருந்தது. தமிழில் அந்த வேலையை மொழிபெயர்ப்பாளர்கள் மையாலேயே செய்து முடித்துவிட்டார்கள்.

வைன் என்ற ஆங்கில வடிவம் வந்தபோது அதற்கு முன்னால் ஏற்கெனவே ஒரு சுத்தமான வழி வெட்டப்பட்டிருந்தது. அந்த வழியில் முதலில் நடந்தவர்கள் வியாபாரிகள். இலங்கையில் சாராயமும் பியரும் விற்கும் கடையின் பெயர்ப்பலகையில் 'வைன் ஸ்ரோர்ஸ்' என்றிருக்கும். உள்ளே வைன் இருக்கிறதா என்று கேட்டு வாங்கியவரை நான் கண்டதில்லை. தமிழ்நாட்டிலும் இதே கதை. 2003இல் அரசின் ரஸ்மாக் நிறுவனம் சில்லறை விற்பனையைத் தன் கையில் எடுக்கும்வரை தனியார் நடத்தியவை 'ஒயின் ஷாப்'கள். பிராந்தி வாங்கப் போகிறவரும் ஒயின் ஷாப்புக்கே போனார். சாராயக்கடை என்று எழுத வெட்கப்படுகிற பலகைக்கு வைன் என்ற சொல் வேட்டியாக உதவியது. யாழ்ப்பாணத்தில் வித்தியாசம் இன்னும் வெளிப்படை. கள்ளு விற்குமிடம் தவறணை. போத்தல் விற்குமிடம் வைன் ஸ்ரோர்ஸ். இரண்டும் இரவல் சொற்கள். இரண்டும் ஐரோப்பியச் சொற்கள். ஒன்றில் இருந்து எழும்பி வருபவர் வேலியோரமாகப் போவார். மற்றதிலிருந்து வருபவர் கடுதாசிப் பையோடு நடுத்தெருவால் போவார். தவறணை என்பதில் தவறு இருக்கிறது என்று மதுவிலக்குப் பேச்சாளர்கள் மகிழ்ந்திருக்கக்கூடும். இலத்தீனில் தபெர்னா என்பது வெறும் கொட்டிலையும் கடையையும் குறித்தது.

கள்ளின் மீது படிந்த கறை பானத்தின் கறை அல்ல. அதை இறக்கியவனின் சாதி மீது நாம் ஏற்றிய கறை. நளவர் வளவுக்குள் போய்ப் பிளாவில் கள்ளு வாங்கிக் குடித்த வெள்ளாளர், அதே வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார். பானம் தொண்டைக்குள் போகலாம், கிணற்றுத் தண்ணீர் போகக்கூடாது! கே. டானியலின் நாவல்களை வாசித்தவர்களுக்கு இந்த உலகத்தை நான் விளக்கவேண்டியதில்லை. வினைச்சொற்களையும் கவனியுங்கள். கள்ளை 'இறக்குவார்கள்'. கசிப்பை 'வடிப்பார்கள்'. வைனைச் 'செய்வார்கள்'. யாழ்ப்பாணம் கொழும்புத்துறை வீதியிலுள்ள செபமாலைக் கன்னியர் மடத்தின் 'ரொசெற்றோ' வைன், கறுவாவும் கராம்பும் மணக்க, நெல்லி கிறஷ்ஷோடு ஒரே மேசையில் விற்கப்பட்டது. எந்தச் சைவக் குடும்பமும் அதை வாங்கக் கூசியதாக நான் அறியேன். கன்னியர்களை நான் குறை சொல்லவில்லை. நல்ல வைன் அது. அதைக் குடிவகை என்று எவரும் எண்ணவில்லை என்பதே எனது கவனிப்பு.

குடிக்கும் வினையும் அப்படியே மாறும். சாராயம் 'அடிப்பார்கள்'. கள்ளுக் 'குடிப்பார்கள்'. வைன் 'எடுப்பார்கள்'. குளிசை எடுப்பதுபோல. இது தற்செயல் அல்ல. வைன் எமது வீடுகளுக்குள் மருந்து அலுமாரி வழியாகவும் வந்தது. எங்கள் ஊரில் மலாயாப் பென்சன்காரர் ஒருவர் வீட்டு அலுமாரியில் 'வின்கார்னிஸ்' போத்தல் ஒன்று இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல் விட்டு எழும்பியவருக்கும் சத்துக்கென்று அளந்து கொடுப்பார்கள். வைன் என்ற சொல்லையும் இறைச்சி என்று பொருள்படும் கார்னிஸ் என்ற இலத்தீன் சொல்லையும் ஒட்டி இங்கிலாந்தில் வைக்கப்பட்ட பெயர் அது. ஆரம்பத்தில் இறைச்சிச் சாறும் அதில் இருந்தது. கந்தசஷ்டி பிடிக்கிற வீட்டில் மச்சமும் மதுவும் ஒரே போத்தலில், ஒரே பெயரில் இருந்தன. ஆங்கிலம் தெரிந்த வீடுதான். ஆனால் எடுப்பது குடிப்பதாகாது.

இவ்வளவு சாமான்களையும் கட்டிக்கொண்டுதான் அந்தச் சொல் 1983க்குப் பின் எங்களோடு கனடாவுக்கு வந்தது. வெலஸ்லி, பார்லிமென்ற் வீதியோர அடுக்குமாடிகளிலிருந்து ஸ்காபரோவுக்கும், பிறகு மார்க்கம் பக்கம் சொந்த வீட்டுக்கும் எம்மவர் நகர்ந்தபோது சொல்லும் தன் தகுதியை உயர்த்திக்கொண்டது. தொழிற்சாலையில் கூட வேலை செய்த இத்தாலியரும் போர்த்துக்கேயரும், செப்ரெம்பரில் பெட்டி பெட்டியாக முந்திரிகை வாங்கி நிலவறையில் வைன் போடுவதைப் பலர் கண்டிருப்பார்கள். உழைப்பாளிகளின் அன்றாடப் பானம் அது, சாப்பாட்டோடு குடிக்கும் கள்ளு என்றே சொல்லலாம். நாம் அவர்களிடமிருந்து அந்தப் பொருளை எடுக்கவில்லை. வெள்ளைக்கார மேலாளர் வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோகிற போத்தலின் பொருளையே எடுத்தோம். கலியாண மண்டபத்தில் ஆண்கள் 'பார்' பக்கம் ஒதுங்க, மேசைக்கு வருவது வைன். 'அவ குடிக்கிறேல்லை, வைன் மட்டும்தான்' என்ற வாக்கியத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! 'இவர் இப்ப குடியை விட்டிட்டார், இரவில வைன் மட்டும் எடுக்கிறவர்' என்பதையும். மொழியியல் மாணவர் எவராவது இந்த 'மட்டும்' என்பதை ஆராய வேண்டும்.

இதை எமது பின்தங்கிய மனத்தின் விளைவு என்று எழுதிவிட்டுப் போவது வசதியானது. ஒன்ராறியோவின் சட்டப் புத்தகம் அப்படி எழுத விடாது. இம்மாகாணத்தில் 1916 முதல் 1927 வரை மதுவிலக்கு இருந்தது. பியருக்கும் விஸ்கிக்கும் தடை. ஒன்ராறியோ முந்திரிகையில் செய்த வைனுக்கு மட்டும் விலக்கு! நயாகரா பக்கத்து முந்திரிகை விவசாயிகளின் வாக்கு அந்த விலக்கில் இருந்தது. 1927இல் மதுவிலக்கை நீக்கி அரசு தன் கடையை, எல்.சி.பி.ஓவை, தொடங்கியது. நீண்ட காலம் அங்கே அனுமதிப் புத்தகமும் படிவமும் இல்லாமல் ஒரு போத்தல் வாங்க முடியாது. தானே எடுத்துக் காசு கட்டும் கடை 1969இல்தான் வந்தது. 2024 செப்ரெம்பரில் மூலைக்கடைகளுக்கும் மது விற்க அனுமதி கிடைத்தபோது பியர் போயிற்று, வைன் போயிற்று, விஸ்கி போகவில்லை. எம்மவர் நடத்தும் கடைகளில் பால் போத்தலுக்குப் பக்கத்துக் குளிரூட்டியில் இன்று வைன் நிற்கிறது. ஆக, வைனுக்கு விலக்குக் கொடுப்பதில் நாம் தனியாக இல்லை. நாம் கொண்டுவந்த விலக்கும் இங்கே கிடைத்த விலக்கும் ஒன்றையொன்று கண்டு கைகுலுக்கிக்கொண்டன.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்களுக்கு நான் வேலை செய்த இடத்தைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளாக ஸ்காபரோவில் வைத்தியர்களுக்கும் எம்மவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக இருந்துவருகிறேன். அங்கு கேட்டதை ஆளடையாளத்தோடு எழுத முடியாது, எழுதவும் மாட்டேன். பொதுப்படச் சொல்வதானால் இப்படித்தான்: மது பாவிப்பீர்களா என்று வைத்தியரின் கேள்வியைத் தமிழாக்குகிறேன். 'சீச்சீ, அந்தப் பழக்கமே இல்லை.' வைத்தியர் எழுதுகிறார்: இல்லை. அதே ஆளிடம் வைன் எடுப்பீர்களா என்று தனியே கேட்டால் 'அது சும்மா இரவில ஒரு கிளாஸ்' என்று பதில் வரும். பொய் சொன்னதாக அவர் நினைக்கவில்லை. அவரது மொழியில் அவர் சொன்னது உண்மை. மொழிபெயர்ப்பாளனாகிய நான் முதற் கேள்வியோடு நிறுத்தியிருந்தால், சரியாக மொழிபெயர்த்துத் தவறான தகவலைக் கொடுத்தவனாவேன்.

அந்த 'ஒரு கிளாஸ்' எவ்வளவு? கனடாவில் ஓர் அளவு மது என்று கணக்கிடப்படுவது 5 வீதப் பியரில் 341 மில்லிலீற்றர், 12 வீத வைனில் 142 மில்லிலீற்றர், 40 வீத விஸ்கியிலோ சாராயத்திலோ 43 மில்லிலீற்றர். மூன்றிலும் இருக்கும் அற்ககோல் ஏறத்தாழ ஒன்றே. 750 மில்லிலீற்றர் வைன் போத்தலில் இப்படி ஐந்துக்கு மேல் உண்டு. நாம் தண்ணீர் குடிக்கும் கண்ணாடித் தம்ளரை நிரப்பி ஊற்றினால் அதை ஒன்று என்று எண்ணுவது கணக்கல்ல. பொருட்பாவனை பற்றிய கனடிய மையம் 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டல், கிழமைக்கு இரண்டு அளவு வரை ஆபத்துக் குறைவு என்றும், மூன்று முதல் ஆறு வரை மிதமான ஆபத்து என்றும், ஏழும் அதற்கு மேலும் ஆபத்து ஏறிக்கொண்டே போகும் என்றும் சொல்கிறது. 'இரவில ஒரு கிளாஸ்' ஏழில் தொடங்குகிறது. எம்மவரில் நித்திரை வராதவர்கள் அநேகர். ஏன் வரவில்லை என்று இந்த வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நித்திரைக் குளிசையோடு அற்ககோல் சேர்வது மூச்சையே பாதிக்கும் விடயம். குளிசை எழுதிக் கொடுக்கும் வைத்தியரின் தாளில் 'இல்லை' என்று இருக்கிறது.

இதை வாய்மொழியாகச் சொன்னபோது ஒரு தோழி கடுமையாக மறுத்தார். அவரது வாதத்தை அப்படியே வைக்கிறேன், ஏனெனில் அதற்கு வலு உண்டு. எமது சமூகத்தில் ஆண் குடித்தால் அவன் குடிகாரன், ஆனாலும் அவனுக்கு ஒரு கதிரை உண்டு. பெண் குடித்தால் அவளுக்கு வைக்கிற பெயரை எழுதமுடியாது. வைன் என்ற இந்த ஒரு சொல்லின் மறைவில்தான் எங்களில் சிலர் ஒரு கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சபையில் நிற்க முடிகிறது. அந்த மறைப்பைப் பிடுங்கி எல்லாம் குடிதான் என்று நீங்கள் நிறுவினால், ஆண்கள் நாளைக்கும் குடிப்பார்கள்; நாங்கள் மட்டும் தோடம்பழச் சாற்றுக்குத் திரும்புவோம். இதுதான் அவர் சொன்னது.

பாதியை ஏற்கிறேன். ஒரு சொல் மறைப்பாகவும் குடையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் குடை எந்தப் பெண்ணுக்கு விரிக்கப்பட்டது? வேலை முடிந்து கள்ளுக் குடித்த கூலிப் பெண்களும், சீவல் தொழிலாளர் வீட்டுப் பெண்களும் ஊரில் இருந்தார்கள். அவர்களுக்கு எடுக்கிறது என்ற வினையை எவரும் கொடுக்கவில்லை. தோழி கேட்கும் சுதந்திரத்தை நான் மறுக்கவில்லை. வெளிப்படையாகக் கேட்க வேண்டிய அதை ஒரு போத்தலின் பெயரால் கேட்கவேண்டி இருப்பதைத்தான் சொல்கிறேன். தவிரவும், 'வைன் மட்டும்' எடுப்பதாகச் சொல்லப்படும் ஆணின் வீட்டில் இரவு பதினொரு மணிக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களும் பெண்களே. அங்கே அந்தச் சொல் குடையாக இல்லை, பூட்டாக இருக்கிறது. தோழி இதற்கு இன்னும் பதில் தரவில்லை. எழுதித் தந்தால் இதே பக்கங்களில் வரவேண்டும் என்று ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

திரும்பவும் ஆர்வலர்களிடம் வருகிறேன். தேறல் என்று மாற்றினால் என்ன ஆகும்? சங்கப் பாட்டின் மணமும் பாண்டியன் கிண்ணத்தின் மினுக்கமும் ஏறிய சொல் ஒன்று, ஏற்கெனவே சலுகை பெற்ற பானத்துக்குக் கிடைக்கும். 'அவர் குடிக்கிறேல்லை, தேறல் மட்டும்தான்.' நொபிலி இரசத்தால் கழுவியதை நாம் தமிழால் கழுவுவோம். வைன் என்ற சொல் தமிழில் இருக்கட்டும். பாணும் கதிரையும் இருப்பதுபோல, வந்த இடம் மறந்து இருக்கட்டும். அதைக் கள்ளுக்கும் சாராயத்துக்கும் பக்கத்தில் ஒரே வாங்கில் இருத்த வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

அண்மையில் குடிவகையும் மருந்தும் பற்றிய ஒரு துண்டுப்பிரசுரத்தைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. ஆங்கில மூலத்தில் பியர், வைன், மதுசாரம் என்று மூன்று படங்கள். தமிழில் 'கள்ளு, பியர், வைன், சாராயம், விஸ்கி' என்று ஒரே வரியில் எழுதி, அந்த வரிக்கு மேல் 'குடிவகை' என்று தலைப்பு வைத்தேன். சரிபார்த்தவர் எம்மவர், படித்தவர். கள்ளைச் சிவப்பு மையால் வெட்டியிருந்தார். கனடாவில் ஆர் கள்ளுக் குடிக்கினம் என்று ஓரத்தில் குறிப்பு. வைனின் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி இருந்தது. இரண்டு தடவை தொலைபேசியில் பேசினோம். முதல் தடவை புள்ளிவிபரம் சொன்னேன், பயனில்லை. இரண்டாம் தடவை, கள்ளு அந்த வரியில் இல்லாவிட்டால் வைன் என்னோடதல்ல என்று வாசிப்பவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார் என்று விளக்கினேன். வரி இப்போது நான் எழுதியபடி இருக்கிறது; தலைப்பை மட்டும் 'மதுபானங்கள்' என்று மாற்றிவிட்டார்கள். அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.